ஓட்டுக்கு ஒரு முத்து

எய்யா,

தினமும் காலையில் உன் இணைய விளையாட்டின் இந்த அறிவிப்புப் பலகையில் நான் ஒரே ஒரு வரிதான் எழுதுவேன். "என்னல, எல்லாரும் ஓட்டுப் போட்டாச்சா?" அதற்குக் கீழே உன் சர்வரில் விளையாடுகிற பிள்ளைகள், "போட்டாச்சு டீச்சர்", "இந்தா போறேன் டீச்சர்" என்று வரிசையாகப் பதில் போடுவார்கள். இன்றைக்கு அந்த வரி கிடையாது. இன்றைக்கு யாரும் ஓட்டுப் போட வேண்டாம். இதைப் படிக்கிற எல்லோருக்கும் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ஓட்டுப் போடுகிற அந்த இணையப் பக்கத்துக்குப் போகாதீர்கள். ஓட்டுக்குக் கிடைக்கிற முத்து போனால் போகட்டும். மற்றதெல்லாம் என் மகனுக்கு. போனில் சொல்லலாம் என்றால் நீ எடுப்பதில்லை. வாட்ஸப்பில் அனுப்பினால் நீலக் கோடு விழுகிறது, பதில் வருவதில்லை. இந்தப் பலகையில் எழுதுகிற உரிமையை எனக்குக் கொடுத்தவன் நீதான். அதனால் ஊரறிய இங்கேயே எழுதுகிறேன். "என்னை அவமானப்படுத்தவா?" என்று கேட்பாய். கொஞ்சம் அதற்கும்தான். என்னையும் சேர்த்துத்தான்.

என்னை டீச்சர் என்று கூப்பிடுகிற பிள்ளைகளில் பலருக்கு நான் யாரென்று தெரியாது. முக்கூடலில் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறவள். தேர்தல் வந்தால் பி.எல்.ஓ., அதாவது வாக்குச்சாவடி நிலை அலுவலர் என்று, ஒரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் பூத் சிலிப் கொடுக்கப் போகிறவள். இந்தச் சர்வரை நடத்துகிறவனைப் பெற்றவள். கடைசி விஷயத்தை மட்டும் வெளியே சொல்லாதே என்று நீ கேட்டுக்கொண்டாய். ஓனருடைய அம்மா என்று தெரிந்தால் யாரும் மனம்விட்டுப் பேச மாட்டார்கள் என்றாய். அந்த வாக்கை இன்றைக்கு மீறுகிறேன். மனம்விட்டுப் பேசியவர்கள் என்ன சொன்னார்கள் என்பதை நீ காதில் வாங்கியிருந்தால் மீற வேண்டி வந்திருக்காது.

நீ மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு என்னதான் செய்கிறாய் என்று பார்க்கத்தான் நான் முதலில் இதற்குள் வந்தேன். யாரோ ஒரு நிறுவனம் நடத்திவிட்டுக் கைகழுவிய பழைய சண்டை விளையாட்டு. அதை நீ சொந்தச் சர்வரில் ஏற்றி, ஊருக்கும் கோட்டைக்கும் நம் பக்கத்துப் பெயராக வைத்திருந்தாய். பாபநாசத்தில் அருவி கொட்டியது. கொற்கையில் கப்பல் வந்து நின்றது. நிஜக் கொற்கையில் இப்போது கடல் எங்கோ தள்ளிப் போய்விட்டது. உன் கொற்கையில் அலை கரையை வந்து அடித்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதை உன்னிடம் காட்டிக்கொள்ளாமல், கரண்டு பில் இதற்குத்தான் இப்படி எகிறுகிறதா என்று கேட்டுவிட்டுக் கீழே இறங்கிவிட்டேன். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். இப்போது சொல்கிறேன், நீ கட்டியது அழகான ஊர்.

அப்புறம்தான் இந்த ஓட்டு விவகாரத்தை எனக்கு விளக்கினாய். இப்படிச் சொந்தமாகச் சர்வர் நடத்துகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அவர்களை எல்லாம் வரிசைப்படுத்த வேறு யாரோ ஒருவர் இணையத்தில் ஒரு பக்கம் வைத்திருக்கிறார். விளையாடுகிறவர்கள் அங்கே போய்க் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை ஓட்டுப் போடலாம். மாதத்தில் அதிக ஓட்டு வாங்கிய சர்வர் மேலே நிற்கும், மேலே நிற்கிற சர்வருக்குத்தான் புது ஆட்கள் வருவார்கள். ஓட்டுப் போட்டுவிட்டுத் திரும்பி வந்தால் கொற்கைத் துறையில் ஒரு முத்து கிடைக்கும். முத்து சேரச் சேர வாள், கவசம், குதிரைக்கு இறக்கை. எனக்குச் சிரிப்பு வந்தது.

"ஏல, ஓட்டுப் போட்டா முத்து குடுப்பியா? அதுக்கு நம்ம ஊருல வேற பேரு."

"எம்மா, இது வெளையாட்டு. இதுல கட்சியா இருக்கு?"

"குடுக்கவன் எல்லாரும் அப்படித்தாம்ல சொல்லுதான்."

கேலி செய்தவள்தான், கொஞ்ச நாளில் உனக்குப் பெரிய ஏஜெண்டாகிவிட்டேன். எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதானே. எந்த வீட்டில் யார் வெளியூர், யாரை எந்த நேரத்தில் கூப்பிட்டால் வருவார், யாரை அதட்ட வேண்டும், யாரைக் கொஞ்ச வேண்டும் என்பதெல்லாம் தெருத் தெருவாக அலைந்து படித்தது. அதையே இங்கே செய்தேன். துபாயில் ஷிப்ட் முடித்து வருகிறவரை ஒரு நேரத்தில், தூத்துக்குடியில் கடை வைத்திருப்பவரை ஒரு நேரத்தில், காலேஜுக்குப் பஸ் ஏறுகிற பிள்ளைகளை ஒரு நேரத்தில் என்று பிடித்துப் பிடித்து அனுப்பினேன். சிலர் முத்துக்கு ஆசைப்பட்டு அம்மா போனில் ஒன்று, அக்கா போனில் ஒன்று என்று போட்டார்கள். கள்ள ஓட்டு என்று தெரிந்தும் கெட்டிக்காரப் பிள்ளைகள் என்று சிரித்துக்கொண்டு விட்டேன். நீ முதல் இடத்துக்கு வந்த அன்றைக்கு அங்கன்வாடியில் எல்லாக் குழந்தைகளுக்கும் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்ட ஆயா கையிலும் ஒன்றை வைத்தேன்.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும். ஒரு பெண், பெயரைச் சொல்ல மாட்டேன், கோமதி என்று வைத்துக்கொள்வோம், ஊரும் வேண்டாம், நம் ஆற்றுப் பக்கத்துப் பிள்ளை, காலேஜில் படிக்கிறாள். ஒரு நாள் காலை என் வரிக்குக் கீழே இப்படி எழுதினாள்: "டீச்சர், ஓட்டுப் பொத்தான அமுக்குனா சரிபாக்கணும்னு போன் நம்பர் கேக்குது. அப்புறம் என்னமோ ஒரு ஆப்ப எறக்கணுமாம். குடுக்கலாமா?" நான் யோசிக்கவே இல்லை, எய்யா. ஓட்டு என்றால் அடையாளம் கேட்பார்கள், அது என் ரத்தத்தில் ஊறிய விஷயம். வாக்காளர் அட்டை இருக்கா, ஆதார் இருக்கா, கேட்டால் முகம் சுளிக்காமல் காட்டுங்கள் என்று எத்தனை வாசலில் நின்று சொல்லியிருப்பேன். அடையாளம் கேட்காத இடம்தான் எனக்குச் சந்தேகம். கேட்கிற இடம் ஒழுங்கான இடம். அதனால், "கேட்டா குடுக்கணும்லா? முறையா நடத்துதான்னுதானே அர்த்தம்? பைய நிதானமா எல்லாத்தையும் குடுத்துட்டு ஓட்டப் போடு" என்று எழுதினேன். அதற்குச் சிரித்த முகம் வேறு போட்டேன். அவள் கொடுத்தாள். நம்பர், அதற்கு வந்த ஓடிபி, அந்த ஆப் கேட்ட அனுமதி எல்லாம். அவள் அமுக்கியது ஓட்டுப் பொத்தானே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. அதைப் போலவே அதே பச்சையில், அதற்கு மேலே வைத்திருந்த விளம்பரம்.

அப்புறம் ஒரு மத்தியானம், நான் குழந்தைகளுக்கு எடை பார்த்துக்கொண்டிருக்கையில் அவள் பேசினாள். என் நம்பரை எப்போதோ நான்தான் கொடுத்திருந்தேன். "டீச்சர், என் போனுல இருந்த படம் எல்லாம் ஒருத்தன்ட்ட இருக்கு. என் மூஞ்ச வச்சு என்னமோ செஞ்சு அனுப்பியிருக்கான். எங்க மாமா நம்பர், சித்தி நம்பர், எங்க சார் நம்பர் எல்லாம் வரிசையா எழுதி, இவங்களுக்கு அனுப்பவான்னு கேக்கான். நான் காலேஜுக்குப் போகல டீச்சர். எங்கயும் போகல." அவன் பதிலுக்கு என்ன கேட்டான் என்பதை இங்கே எழுத மாட்டேன். எடைத் தராசில் தொங்கிய குழந்தையை இறக்கக்கூட மறந்து நின்றேன். அது அழ ஆரம்பித்த பிறகுதான் எனக்குச் சுயநினைவு வந்தது. நான் அவளிடம் ஒன்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னேன், தனியாக இருக்காதே, உங்கள் அம்மா பக்கத்தில் போய் உட்கார், நான் வருகிறேன் என்று.

போகிற வழியில் பஸ்ஸிலிருந்து உனக்குப் பேசினேன். அதுதான் நீ எடுத்த கடைசிப் போன். புது வேலையில் சேர நீ பெங்களூரில் அறை பார்த்துக்கொண்டிருந்தாய்.

"எம்மா, அந்த வெளம்பரத்த நானா வச்சேன்? அந்தப் பக்கத்துக்காரன் வச்சது. நம்ம சர்வர்ல ஒரு கொறையும் கெடையாது."

"சரிய்யா, நீ வைக்கல. ஓட்டுப் போடுத வழிய மூடிரு. ஒரு அறிவிப்பப் போடு."

"மாசம் முடியட்டும்மா. இப்பம் மொதல் எடத்துல நிக்கோம். இங்க அதப் பாத்துத்தான் என்னைய எடுத்திருக்காங்க. திங்கக்கெழம சேரணும். இந்த நேரத்துல எங்கிட்ட வந்தா ஏமாந்து போவீங்கன்னு நானே தண்டோரா போடவா?"

"இப்படி நடக்குன்னு ஒனக்கு எப்பம்ல தெரியும்?"

பஸ் சத்தத்தில் கேட்கவில்லையோ என்று மறுபடி கேட்டேன். "முன்னாலயே ரெண்டு மூணு பேரு எனக்கு இதப்பத்தி எழுதியிருந்தாங்கம்மா. நான் பெருசா எடுத்துக்கல" என்றாய். எய்யா, அவர்கள் எழுதிய பிறகுதானே நீ 'முத்து இரட்டிப்பு வாரம்' என்று அறிவித்தாய்? ஒரு ஓட்டுக்கு இரண்டு முத்து என்று நீ சொன்ன நாளில்தானே கோமதி விடிந்ததும் முதல் ஆளாக ஓடினாள்? எனக்கு உன் மேல் கோபம் வந்திருக்கிறது, பலமுறை. பயம் வந்தது அன்றைக்குத்தான். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இவன் நான் பெற்ற பிள்ளைதானா என்று நினைத்தேன். நினைத்ததைச் சொல்லாமல் விடுவது எனக்குப் பழக்கமில்லை, அதனால் எழுதுகிறேன்.

என் வேலையில் ஒரு வழக்கம் உண்டு, உனக்குத் தெரியும். அங்கன்வாடியின் வாசல் மெயின் ரோட்டைப் பார்த்தது. முட்டை போடுகிற நாளில் பாத்திரத்தை வெளியே கொண்டுவருவதற்கு முன்னால், வாசல் கேட்டைச் சாத்திக் கொக்கி மாட்டிவிடுவேன். மற்ற நேரம் திறந்துதான் கிடக்கும். முட்டையைப் பார்த்தால் குழந்தைகள் ஓடுவார்கள், தள்ளுவார்கள், வாங்கியதை அம்மாவிடம் காட்ட ரோட்டுக்குப் பாய்வார்கள். ரோட்டில் லாரி விடுகிறவன் நானில்லை. ஆனால் முட்டையைக் காட்டி ஓட வைக்கிறவள் நான். ஓடுகிற வழியை நான் பார்த்து வைத்த பிறகுதான் முட்டை. நீ முத்தைக் காட்டினாய், அதுவும் இரட்டிப்பாக. பிள்ளைகள் ஓடினார்கள். ஓடுகிற வழியில் என்ன நிற்கிறது என்பது உனக்குத் தெரிந்திருந்தது. இதற்கு மேல் எனக்கு விளக்கத் தெரியாது. அந்தப் பக்கத்தை வைத்தவன் குற்றவாளி, படத்தை வைத்து மிரட்டுகிறவன் பெரிய குற்றவாளி, சரி. ஆனால் அவர்கள் யாரையும் எனக்குத் தெரியாது. உன்னைத் தெரியும்.

உன் அப்பாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. ஊர்த் தண்ணீர் டேங்கில் மோட்டார் போட்டுவிட்டு வந்தவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "ஏளா, எவனோ செஞ்சதுக்கு நம்ம பய என்ன செய்வான்? இப்பந்தான் ஒரு வேலையில போயி நிக்கான். பெத்தவளே புள்ளைய ஊரு முன்னால நிப்பாட்டுவியா?" என்றார். "கோமதியப் பெத்தவளும் பெத்தவதான்" என்றேன். தட்டில் பாதிச் சோற்றோடு எழுந்து போய்விட்டார். வீட்டில் பேச்சு நின்று போயிருக்கிறது. அவர் சொல்வதும் பாசம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் இந்த மனுஷனுக்கே டேங்கில் ஒரு செத்த அணில் கிடந்தால் ஊர் முழுக்கத் தண்ணீரை நிறுத்திவிட்டுத்தான் மறுவேலை. யார் போட்டது என்று விசாரித்துக்கொண்டு நிற்க மாட்டார்.

கோமதி வீட்டுக்கு நான் போய் என் பெயரைச் சொன்னேன். அவள் அம்மா அப்பளம் இடுகிறவள், கையெல்லாம் மாவு. கொடுக்கச் சொன்னது நான்தான் என்று சொன்னதும் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அடித்திருந்தால் வாங்கியிருப்பேன். அவள் அடிக்கவில்லை, "இனி என்ன செய்ய, அதச் சொல்லுங்க" என்றாள். எனக்குத் தெரிந்த ஒரே வேலையைத்தான் மறுபடியும் செய்தேன். அவன் யார் யாருக்கு அனுப்புவேன் என்று மிரட்டியிருந்தானோ அவர்கள் எல்லோர் வீட்டுக்கும் நாங்கள் மூன்று பேரும் முந்திக்கொண்டோம். வீடு வீடாக ஏறி, உட்கார்ந்து, "எதாவது படம் வந்தா தொறக்காதீங்க, யாருக்கும் அனுப்பாதீங்க. அது இவ இல்ல, கம்ப்யூட்டர்ல ஒட்டுனது. வந்தா எங்ககிட்டச் சொல்லுங்க" என்றோம். அவளுடைய சித்தி கேட்டுவிட்டு அவளைக் கட்டிக்கொண்டாள். அவளுடைய மாமா ஒருவர் மட்டும், "பொம்பளப் பிள்ளைக்கு என்ன வெளையாட்டு வேண்டிக் கெடக்கு?" என்று சத்தம் போட்டார். "ஓட்டுப் போடச் சொன்னது நாந்தான் அண்ணாச்சி. ஏசணும்னா என்னைய ஏசுங்க, அவள விடுங்க" என்றேன். கடைசி வீட்டிலிருந்து இறங்கும்போது கோமதி என் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். அவள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். மிரட்டுகிறவனும் இதைப் படிக்கக்கூடும். படிக்கட்டும். அவன் பயமுறுத்த வைத்திருந்த அத்தனை வாசலிலும் நாங்கள் ஏறி இறங்கிவிட்டோம்.

ஆனால் உன் சர்வரில் இன்னும் எத்தனை கோமதிகள் வாய் திறக்காமல் இருக்கிறார்களோ, எனக்குத் தெரியாது. அம்மா போனில் ஒன்று, அக்கா போனில் ஒன்று என்று போட்டார்களே, அந்த அம்மாக்களின் போனில் என்ன நடக்கிறதோ, அதுவும் தெரியாது. முத்து இன்னும் கொட்டிக்கொண்டிருக்கிறது. இன்றைக்கு மாலையும் யாரோ அந்தப் பச்சையை அமுக்குவார்கள்.

நீ நாலாம் வகுப்பு படிக்கையில் ஆற்றில் வெள்ளம் வந்து வடிந்தது. அதற்கு மறுநாள் நீ பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை என்று வாத்தியார் ஆள் அனுப்பினார். கையில் கிடைத்த குச்சியோடு உன்னைத் தேடி வந்தேன். நீ படித்துறையில், இடுப்பளவு நனைந்து நின்றுகொண்டு, குளிக்க வருகிறவர்களை எல்லாம் "அங்கன எறங்காதீங்க, கல்லு இல்ல, இங்கன எறங்குங்க" என்று கத்திக்கொண்டிருந்தாய். தண்ணீருக்கு அடியில் ஒரு படிக்கல் பெயர்ந்து போயிருந்தது. மேலே பார்த்தால் தெரியாது. நீ முதலில் கால் வைத்து விழுந்து எழுந்திருக்கிறாய். எனக்கு ஆத்திரம். "நீயால கல்லப் பேத்த? ஒனக்கு என்ன வந்துச்சு?" என்று கேட்டேன். நீ என்னை ஒன்றும் தெரியாதவளைப் பார்ப்பது போலப் பார்த்து, "இல்லம்மா, எனக்குத் தெரியும்லா?" என்றாய். குச்சியைத் தூக்கிப் போட்டுவிட்டு நானும் உன் பக்கத்தில் நின்றேன். அந்தப் பயலை நான் எங்கேயும் தொலைக்கவில்லை. நீ எங்கே தொலைத்தாய் என்றுதான் தெரியவில்லை.

செய்ய வேண்டியது என்னவென்று நான் சொல்லி நீ தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. எனக்கே நீதான் சொல்லிக் கொடுத்தாய். ஓட்டுக்கான வழியை எடுத்துவிடு. முத்தைச் சும்மா கொடு, விளையாட வந்ததற்காகக் கொடு, யாரையும் வெளியே அனுப்பாமல் கொடு. என்ன நடந்தது என்று ஒளிக்காமல் எழுது. அந்த ஆப்பை இறக்கியவர்கள் எதை நீக்க வேண்டும், எந்தக் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும் என்று எழுது. யாராவது மிரட்டப்பட்டால் வெட்கப்படாமல் வீட்டில் சொல்லச் சொல், போலீசுக்குப் போகச் சொல். முன்னால் எழுதிய அந்த இரண்டு மூன்று பேரைத் தேடிப் பிடித்து மன்னிப்புக் கேள். முதல் இடம் போய்விடும். பெங்களூர்க்காரர்கள் என்ன நினைப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. வேலை போனால் வீட்டுக்கு வா, மாடி அறை அப்படியேதான் இருக்கிறது. அதை லேசாகச் சொல்லவில்லை. உனக்கு அந்த வேலை கிடைத்ததற்கு நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்பது உனக்கே தெரியும்.

இந்தக் கடிதத்தை அழிக்க உனக்கு ஒரு நொடி போதும். அழித்தாலும் நாளைக்கு நடக்கப் போவது மாறாது. நாளைக்கு நான், கோமதி, அவள் அம்மா மூன்று பேரும் திருநெல்வேலிக்குப் போய்ப் புகார் கொடுக்கிறோம். எந்த நேரம், எங்கே என்று உனக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன். அங்கே முதலில் கேட்பார்கள், இதை அமுக்கச் சொன்னது யார் என்று. நான்தான் என்பேன். அதில் எனக்குத் தயக்கம் இல்லை. அடுத்து, பரிசு தருகிறேன் என்று அந்தப் பக்கத்துக்கு அனுப்பியது யார், அவருக்கு விஷயம் தெரியுமா என்று கேட்பார்கள். நீ பிறந்தபோது உன் பெயரை முதன்முதலில் உன் காதில் சொன்னவள் நான். அதே பெயரை, அப்பா இனிஷியலோடு, அங்கே ஒரு மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து சொல்வேன். "அவனுக்குத் தெரியும்" என்றும் சொல்வேன். பொய் சொல்ல மாட்டேன் என்பது உனக்குத் தெரியும்.

பெங்களூரிலிருந்து இன்றைக்கு ராத்திரி பஸ் ஏறினால் காலையில் வந்துவிடலாம். நான் வாய் திறப்பதற்கு முன்னால் வந்து நீயே சொல்லிவிடு, எய்யா.

அம்மா